ஆடாத கல்

"நான் எடுக்கலன்னு எத்தினி தபா சொல்றது? உன் தலையில அடிச்சி சத்தியம் பண்ணட்டா?"

"என் தலையில எதுக்குடி? உன் தலை இன்னா ஆச்சி? அடுப்புக்கு முட்டு குடுக்க நீதான் எடுத்துகினு வந்திருப்பே."

"ஆமா, அடுப்புக்கு வைக்க ஊர்ல வேற கல்லே இல்ல பாரு. சமாதியாண்டேருந்து எடுத்தாந்துதான் உனக்குக் கொழம்பு வைக்கிறேன். துன்னுட்டு நல்லாதான கீறே?"

"வெளையாடாத ஞானம். சில்லு எப்ப போச்சின்னே தெரியல. காலைல கையை வச்சி அமுக்கிப் பாத்தேன். கல்லு ஆடல."

"இன்னாது?"

"ஆடவே மாட்டேங்குது."

அதற்கப்புறம் பேச்சு நின்றுவிட்டது.

மதிலுக்கு வெளியே, வேப்பமரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்த தேவராஜுக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது. உள்ளே பேசிக்கொண்டிருந்தது கல்லறைத் தோட்டத்தின் காவல்காரர் வீராசாமியும் அவர் மனைவி ஞானம்மாளும். வாசலை ஒட்டிய ஓட்டு வீட்டில் இருபது வருஷமாக இருக்கிறார்கள். சண்டை அவர்களுக்குப் புதிதில்லை. திட்டிக்கொண்டே ஒரு டம்ளர் டீயை இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். ஆனால் இப்படிப் பேச்சு பாதியில் நின்று அவர் கேட்டதில்லை.

தேவராஜ் பேன்ட் பைக்குள் கையை விட்டுப் பார்த்தார். கட்டைவிரல் பருமனில் ஒரு கருங்கல் சில்லு. எடுத்தவர் அவர்தான்.

உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் நைட் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். கண் எரிந்தது, முழங்கால் வலித்தது. ஒரு சில்லுக்கு இவ்வளவு பேச்சா என்றிருந்தது. சொன்னால் இன்னும் அரைமணி நேரம் நின்று பதில் சொல்ல வேண்டும். சைக்கிளைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு ஆவடிப் பக்கம் திரும்பினார். 1988, ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அவர் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். வயது நாற்பத்து மூன்று. ஆறு வருஷத்துக்கு முன்னால் பருத்திப்பட்டு ஏரிக்கு அப்பால் சைக்கிள் பஞ்சராகி, நிழலுக்காக ஒரு மண்பாதையில் இறங்கியபோதுதான் இந்தத் தோட்டத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து பழைய கல்லறைகளைத் தேடிப் போய்ப் படிப்பது பழக்கமாகிவிட்டது. மூன்று நோட்டு நிறையப் பெயர்கள் எழுதி வைத்திருந்தார். காலராவில் போன சிப்பாய்கள், பிறந்த மறுநாளே போன குழந்தைகள், இருபது வயதுப் பெண்டாட்டிக்குப் புருஷன் வைத்த கல். மற்றவர்கள் சினிமாவுக்கும் சீட்டுக்கும் போனார்கள். அவருக்கு இதுதான் ஓய்வு. அங்கே யாரும் அவரை எதுவும் கேட்பதில்லை.

"இன்னா மாமே, ஞாயித்துக்கெழம எல்லாரும் சௌக்கியமா? எவனாச்சும் எந்திரிச்சி டீ சாப்ட்டானா?" என்று தொழிற்சாலையில் பக்கத்து பெஞ்சில் வேலை செய்யும் பால்ராஜ் திங்கள்கிழமை தவறாமல் கேட்பார். தேவராஜும் சிரித்துவைப்பார்.

தேய்ந்த எழுத்துகளைப் படிக்க அவர் தொழிற்சாலையில் பயன்படுத்தும் நீல மையைத்தான் எடுத்துப் போவார். இரண்டு உலோகப் பரப்புகள் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்க்க ஃபிட்டர்கள் வைத்திருப்பது. ஒன்றின்மேல் மெல்லிசாகத் தடவி மற்றதோடு சேர்த்து வைத்து எடுத்தால், எங்கே தொட்டதோ அங்கே நீலம் ஒட்டும். தொடாத இடத்தில் ஒட்டாது. இதில் பொய் கிடையாது. கல்லின் முகத்தில் துணியால் அதைத் தேய்த்தால், பள்ளமான எழுத்து மட்டும் வெளுப்பாக நிற்கும். படித்த பிறகு மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிடுவார்.

தோட்டத்தின் பின்மூலையில் ஒரு சின்னக் கல்லறை. நாலு பக்கமும் கருங்கல் பலகை நிறுத்தி, மேலே நாலடி நீளத்தில் மூன்று அங்குல கனத்துக்கு ஒரு மூடுகல். நீலம் தேய்த்தும் ஓர் எழுத்து எழவில்லை. பெயரே வெட்டாத கல். ஆனால் அது ஆடியது. ஒரு மூலையில் கையை வைத்தால் டொக் என்று சாயும். எடுத்தால் டொக் என்று திரும்பும். அடியில் ஒரு சில்லு செருகியிருந்ததுதான் காரணம். அதனால் ஒரு பக்கம் விரல் நுழையும் அளவுக்குத் திறந்தே இருந்தது.

ஆடுகிற பரப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க இருபத்திரண்டு வருஷ ஃபிட்டரால் முடியாது. யாரோ அரைகுறையாக முட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தார். சில்லை உருவினார். காவல்காரரும் மனைவியும் பூந்தமல்லி மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போயிருந்த மூன்று ஞாயிறு காலைகளில், கடப்பாரையால் மூடுகல்லின் ஒரு முனையை நெம்பி, செங்கல் முட்டுக் கொடுத்து, அடிப்பக்கம் முழுவதும் நீலம் தடவி இறக்குவார். மறுபடி தூக்கிப் பார்ப்பார். பலகைகளின் விளிம்பில் நீலம் ஒட்டிய மேட்டையெல்லாம் உளியால் கொத்தி, தேய்த்து, மறுபடி இறக்குவார். எந்திரத்துக்குச் செய்வதை அப்படியே கல்லுக்குச் செய்தார். மனசுக்கு இதமாக இருந்தது.

மூன்றாவது ஞாயிறு, கடைசித் தடவை தூக்கியபோது, சுற்றிலும் விளிம்பு முழுக்க ஒரே சீராக நீலம். ஆனால் மூடுகல்லின் அடியில், நடுவில், எதையும் தொடாமல் வெறும் பள்ளத்தைப் பார்த்தபடி இருக்கிற இடத்தில், மூன்று இடங்களில் நீலம் போயிருந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. சற்று மேலே, நடுவில், ஒன்று.

பள்ளத்துக்குள் குனிந்து பார்த்தார். இரண்டடி ஆழத்தில் காய்ந்த மண். சமமாக. ஒரு பல்லிகூட இல்லை. ஈரம் பட்டு நீலம் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பழக்கத்தில் நோட்டில் மட்டும் அளவைக் குறித்துக்கொண்டார்: நடுவில் மூன்று இடம், இரண்டேகால் அங்குலம் இரண்டு, மூன்று அங்குலம் ஒன்று, காரணம் தெரியவில்லை.

பிறகு இறக்கினார். இரண்டு தட்டையான பரப்புகள் சேரும்போது நடுவில் இருக்கும் காற்று வெளியேறும் ஓசை அவருக்குத் தெரியும். இது நீளமாக வந்தது. விளிம்பெல்லாம் சுற்றி, ஒரு பெரிய மூட்டையை யாரோ மெதுவாக அமுக்குவது போல, அவ்வளவு காற்று அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருந்ததா என்று யோசிக்கும் அளவுக்கு வந்துகொண்டே இருந்தது. கடைசியில் நின்றது. மிக மெல்லிய தகட்டைச் செருகிப் பார்த்தார். நுழையவில்லை. வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினார்.

அதற்கு அடுத்த ஞாயிறு, வீராசாமியும் ஞானம்மாளும் பூசைக்குப் போகாமல் இருந்த காலையில்தான், மதிலுக்கு வெளியே அந்தச் சண்டையைக் கேட்டது.

குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்து. கதவைத் தள்ளினார். பாதியில் எதன்மேலோ இடித்து நின்றது. எட்டு வயது மகள் நாகவல்லி வாசற்படியில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் மூக்கை வைத்திருந்தாள்.

"வல்லி, இங்க ஏம்மா படுத்திருக்க?"

"உள்ள காத்து இல்லப்பா. ஜன்னல தொறயேன்."

ஜன்னல் இரண்டும் திறந்துதான் இருந்தன. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கொடியில் சுசீலாவின் புடவை பறந்துகொண்டிருந்தது.

திங்கள்கிழமையும் அப்படியே. செவ்வாயன்று பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். டாக்டர் முதுகிலும் மார்பிலும் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, மூச்சு நன்றாகப் போய்வருகிறது, பெற்றவர்கள்தான் பயப்படுகிறீர்கள் என்றார். திரும்பி வரும்போது அவள் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து, எதிர்க்காற்றில் வாயை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டே வந்தாள். காற்று வாய்க்குள் போகும் சத்தம் கேட்டது. போன காற்று எங்கும் சேராத மாதிரி, மறுபடி, மறுபடி.

"மூணு நாளா நானும் கண்ணு மூடல," என்றாள் சுசீலா. "மூக்குகிட்ட கையை வச்சிகிட்டே உக்காந்திருக்கேன். நீங்க பாட்டுக்கு ஷிஃப்ட் முடிஞ்சு வந்து படுத்துடறீங்க."

அவர் பாயை விரித்துப் படுத்தார். அவருக்கு உட்காரக்கூடத் தெம்பில்லை.

புதன்கிழமை மதியம் இரண்டு மணி. சுசீலா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டு ரேடியோவில் செய்தி முடிந்து விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ வெங்காயம் தாளிக்கும் வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது, வெயில் சிமெண்டுத் தரையில் சதுரமாக விழுந்து கிடந்தது. பாயில் பாதித் தூக்கத்தில் இருந்த தேவராஜ் பக்கத்தில் எதுவோ அசைவதை உணர்ந்து கண்ணைத் திறந்தார்.

வல்லி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கைகள் இரண்டும் மேலே தூக்கியிருந்தன. முழங்கை மடங்காமல். உள்ளங்கைகள் விரிந்து. ஒன்றுமில்லாத காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தன. தோள் நடுங்கியது. நெற்றியைத் தூக்கி அதையும் எதிலோ முட்டிக் கொடுத்திருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தலையணையில் தலை படவே இல்லை.

உள்ளங்கை நீலமாக இருந்தது.

இரண்டும். நெற்றியும்.

தன் மைதான், எங்கேயாவது சிந்தியிருக்கும் என்று முதலில் நினைத்தார். அந்த நினைப்பு ஆறுதலாக இருந்தது. மை டப்பா தொழிற்சாலை லாக்கரில் இருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கல்லை இறக்கிய மறுநாளே அங்கே வைத்துப் பூட்டியது, அதற்கப்புறம் அது வீட்டுக்கே வரவில்லை.

எழுந்து அளவுகோலை எடுத்தார். தூங்குகிற பிள்ளையின் உள்ளங்கையை அளந்தார். இரண்டேகால். மற்றதும் இரண்டேகால். நெற்றியை அளக்கவில்லை. அளக்க வேண்டியிருக்கவில்லை.

சுசீலா திரும்பி வந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஓட்டு வீட்டு வாசலில் ஞானம்மாள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். தேவராஜ் பையிலிருந்து சில்லை எடுத்து அவள் முன்னால் வைத்தார். ஞானம்மாள் அதைத் தொடவில்லை. உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

"யோவ். வா. நம்ம கல்லு படிக்கிற சாருதான்."

வீராசாமி வெளியே வந்தார். சில்லைப் பார்த்தார். கோபப்படுவார் என்று தேவராஜ் எதிர்பார்த்தார். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"படிக்கத்தான சார் வுட்டோம்? கையை ஏன் சார் வச்சே?"

"ஆடுதேன்னு சரி பண்ணேன்பா. என் பொண்ணுக்கு மூச்சு..." சில்லைக் காட்டினார். "அந்தச் சில்லு எதுக்கு?"

ஞானம்மாள்தான் சொன்னாள். "எங்க மாமியா செருகி வைக்கும். அது செத்த அப்பால நான் வைக்கிறேன். மாசா மாசம் கல்லை அமுக்கிப் பாக்கணும், ஆடணும். ஆடுனா சரி."

"ஆடலன்னா?"

"அதை மாமியா சொல்லல சார். நாங்களும் கேக்கல. கேட்டுட்டு இங்க எப்படிக் குடித்தனம் பண்றது?"

மூன்று பேரும் பின்மூலைக்குப் போனார்கள். தேவராஜ் கடப்பாரையை விளிம்பில் வைத்தார். வைக்க இடமில்லை. எங்கே மூடுகல் முடிகிறது, எங்கே பலகை தொடங்குகிறது என்று விரலால் தடவினால் தெரியவில்லை. நகத்தால் கீறினாலும் தெரியவில்லை. அளவு பார்க்கும் எஃகுக் கட்டைகள் தொழிற்சாலையில் உண்டு. அவ்வளவு வழுவழுப்பு. ஒன்றோடொன்று வைத்துத் திருகினால் பசையே இல்லாமல் பிடித்துக்கொள்ளும். அந்த மாதிரி பிடித்திருந்தது. இழுத்தால் வராது, பக்கவாட்டில் தள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தோள் கொடுத்துத் தள்ளினார். வீராசாமியும் தள்ளினார். மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். மேலேயே நின்று வழிந்தது. உளி வைத்து அடித்தார். உளியின் வாய் மழுங்கியது.

தன் கைவேலையிலேயே இதைப் போலச் சுத்தமாக ஒன்று அமைந்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

"சம்மட்டி போட்டு ஒடைச்சிரலாமா சார்?" என்றார் வீராசாமி.

தேவராஜ் யோசிப்பதற்காகக் கல்லின்மேல் தலையைச் சாய்த்தார். உண்மையில் களைப்பு. நாலு நாள் தூக்கம் பாக்கி. கல் வெயிலில் சூடாக இருந்தது. காதைக் கல்லில் வைத்து, கண்ணை மூடி, அப்படியே ஒரு நிமிஷம் கிடந்தார்.

உள்ளேயிருந்து தட்டும் சத்தம்.

மெதுவாக. உள்ளங்கையால்.

அப்புறம் குரல். தூக்கக் கலக்கத்தில் கேட்பது போல.

"யாரு? அப்பாவா?"

அவர் எழுந்த வேகத்தில் கடப்பாரை சாய்ந்து விழுந்தது. மற்ற இருவரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஞானம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"உடைக்காதீங்க," என்றார் தேவராஜ். "உடைச்சா அவ மேலதான் விழும். யாரும் கை வைக்காதீங்க. நான் வந்துடறேன்."

ஆறு கிலோமீட்டர். சைக்கிள் சங்கிலி இரண்டு தடவை கழன்றது. ஏரிக்கரையில் விளக்கு போடும் நேரமாகிவிட்டது. வீட்டில்தான் இருக்கிறாள், வீட்டில் பாயில் படுத்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே மிதித்தார். இருக்க வேண்டும். இருந்தால் போதும்.

இருந்தாள்.

கதவு சாத்தியிருந்தது. தட்டியதும் சுசீலா திறந்தாள். நாலு நாளில் முதல் தடவையாகத் தலை சீவி, பூ வைத்திருந்தாள். முகத்தில் சிரிப்பு.

"வாங்க. புள்ளைக்கு சரியாப் போச்சுங்க. நீங்க போன கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு உக்காந்துட்டா. பசிக்குதுன்னு நாலு தோசை சாப்ட்டா. கையெல்லாம் இருந்த மைகூடத் தானா போயிடுச்சு பாருங்க."

இரண்டு ஜன்னலும் கொக்கி போட்டு மூடியிருந்தன. மின்விசிறி நின்றிருந்தது. அறைக்குள் தோசை வாசனையும் சீமெண்ணெய் ஸ்டவ் வாசனையும் அசையாமல் நின்றன. சுவர் வியர்த்திருந்தது. நடுவில், குண்டு பல்புக்குக் கீழே, வல்லி சம்மணம் போட்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஜன்னலை யாரு மூடுனது?"

"நான்தாம்பா," என்றாள் வல்லி, நிமிராமல். "காத்து வேணாம்."

சுசீலா அவருக்குத் தட்டு எடுக்கப் போனாள். தேவராஜ் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கழுத்தில் வியர்வை இல்லை. சட்டைப் பொத்தான்களைப் பார்த்தார். மூன்று பொத்தான்கள். பார்த்துக்கொண்டே இருந்தார். பென்சில் நகர்ந்தது. பக்கம் திரும்பியது. பொத்தான்கள் அசையவில்லை.

விரலை அவள் மூக்கருகே கொண்டுபோனார்.

ஒன்றுமில்லை.

வல்லி எழுதுவதை நிறுத்தினாள். அவர் விரலைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, மறந்துபோனது ஞாபகம் வந்தவள் போல, மார்பை ஒரு தடவை மேலே தூக்கி, இறக்கினாள். சரியா என்று கேட்பது போல அவரையே பார்த்தாள். இன்னொரு தடவை தூக்கி, இறக்கினாள்.

"இப்டிதானப்பா?" என்றாள்.

இது நடந்து இன்றோடு ஒன்பது நாள். சுசீலா எதையும் கேட்கத் தயாராக இல்லை. பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள் என்கிறாள். தேவராஜ் வேலைக்குப் போகவில்லை. பகல் முழுக்க அந்தக் கல்லின்மேல் காதை வைத்துக் கிடக்கிறார். அவர் தட்டினால் உள்ளேயிருந்து வல்லி தட்டுகிறாள். நேற்று மூன்று தடவை தட்டியதற்கு ஒரு தடவைதான் பதில் வந்தது. இதைப் படிக்கிறவர்களில் கல்தச்சர்களோ, வயசான ஃபிட்டர்களோ, யாராக இருந்தாலும் சரி, இப்படிப் பிடித்துக்கொண்ட இரண்டு கற்களை உடைக்காமல் பிரிக்க ஒரு வழி தெரிந்தால், தயவுசெய்து உடனே பதில் எழுதுங்கள்.